வெள்ளைக்கார நாக்கு

“மறுபடியும் விலை ஏத்திட்டியா, டெல்மா?”

பிலிப்பைன்ஸின் டுமகெட்டே நகரக் கடைத்தெருவில் இறக்குமதிச் சாமான் விற்கும் டெல்மாவின் முன்னால், ரோவேனா இரண்டு இங்கிலாந்து பீன்ஸ் டின்னையும், ரொட்டியில் தடவும் மார்மைட் பாட்டிலையும் வைத்தாள்.

“கப்பல்ல வர்ற சாமான் அக்கா. இந்தக் காசுக்கு அரிசியும் மீனும் வாங்கினா ஒரு வாரம் ஓடும். வெள்ளைக்காரரைக் கட்டிக்கிட்டு இந்தப் பாடு உங்களுக்குத் தேவையா? நம்ம சாப்பாட்டை அவருக்குப் பழக்க முடியாதா?”

ரோவேனா வாசல் பக்கம் கையைக் காட்டினாள். எதிர்க்கடைப் பலகையில் உட்கார்ந்து, அவள் கணவர் கிரகாம் கருவாட்டைச் சோற்றோடு பிசைந்து வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார்.

“அப்ப இதெல்லாம் யாருக்கு?”

“எனக்குத்தான். லண்டன்ல இருபத்திரெண்டு வருஷம் நர்ஸு வேலை. நான் வந்துட்டேன், என் நாக்குதான் இன்னும் ஊர் திரும்பல.”