பத்தேகால் வெயில்

“இன்னும் மேல ஏறிக் காட்டுங்க வாப்பா!”

கலீலுர் றஹ்மான் மணலில் கால் புதையப் புதைய ஏறினான். முகத்தில் பாதியை மறைத்துக் கட்டியிருந்த சால்வை வியர்வையில் ஊறிக் கிடந்தது. மணலும் வானமும் மட்டும் தெரியும்படி போனை உயர்த்திப் பிடித்தான்.

“பாத்தீங்களா மகள்? இதுதான் பாலைவனம்.”

“ஒட்டகம் எங்க?” ஜுமானாவுக்கு ஏழு வயது. வாப்பா வெளிநாடு போய் ஆறு மாதம். ஆறு மாதமாக அவள் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

“தண்ணி குடிக்கப் போயிட்டு.”

“நேத்தும் அப்புடித்தானே சொன்னீங்க!”

“ஒட்டகம் தண்ணி குடிக்கத் தொடங்கினா லேசில நிப்பாட்டாது மகள்.”

ஜுமானா விழுந்து விழுந்து சிரித்தாள். றஹ்மானுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. கொஞ்ச நாளாக அப்படித்தான், உள்ளுக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது.

எங்கோ ஒரு காகம் கத்தியது.

“வாப்பா, அங்கயும் காக்கா இரிக்கா?”

“காக்கா இல்லாத நாடு எங்க மகள் இரிக்கி?”

போன் கைமாறியது. கிண்ணியா வீட்டுக் குசினியில், பன்னிரண்டே முக்கால் காட்டிய சுவர்மணிக்கூட்டின் கீழே, கையில் அகப்பையோடு மனைவி சுஹைரா நின்றாள்.

“என்ன, இப்புடிக் கறுத்துப் போனீங்க?”

“டூரிஸ்ட் ஆக்கள ஜீப்பில ஏத்தி மணல்ல ஓட்டுற வேலை, கறுக்காம என்ன செய்யும்? இங்க இப்பதான் காலம பத்தேகால். அதுக்குள்ள மண்டை வெடிக்குது.”

“காத்து என்ன இந்த இரை இரையுது?”

“மணல்காத்து.”

“லுஹர் தொழுதிட்டீங்களா?” எங்கே இருந்தாலும், பொழுது உச்சி சாய்ந்ததும் தொழும் அந்த நடுப்பகல் தொழுகையை அவன் விட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“ஓம், இப்பதான் தொழுதிட்டு வந்தனான்.”

சுஹைராவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. நெட்வேர்க் நின்றுவிட்டதோ என்று அவன் போனை ஆட்டிப் பார்த்தான்.

“நல்லம்,” என்றாள் பிறகு. “நேரத்துக்குச் சாப்பிடுங்க.”

அழைப்பை வெட்டிவிட்டு றஹ்மான் திரும்பினான். எதிரே நிலாவெளிக் கடல் இரைந்துகொண்டிருந்தது. புறாமலைத் தீவுக்குப் பவளப்பாறை பார்க்கப் போகும் ஆறு வெள்ளைக்காரர்கள் படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவன் நின்றது பாலைவனத்தில் அல்ல, ஹோட்டல் கட்ட யாரோ கொட்டி வைத்திருந்த மணல் கும்பியின் உச்சியில்.

பாலைவனத்துக்குப் போனது பொய்யில்லை. ஜீப்பும் ஓட்டினான், ஒட்டகமும் பார்த்தான். இரண்டாம் மாதமே முதலாளி கம்பெனியை மூடி, எல்லோரையும் விமானம் ஏற்றி விட்டான். கட்டுநாயக்காவில் வந்து இறங்கியவனுக்குக் கிண்ணியா பஸ்ஸில் ஏறக் கால் வரவில்லை.

ஏறித்தான் எங்கே போவது? அது சுஹைராவின் சீதன வீடு. அதே வளவுக்குள் மாமனார், இரண்டு மச்சான்மார். கடை போட்டுத் தோற்றபோதும் ஓட்டோ ஓட்டித் தோற்றபோதும் அந்த வாசலில்தான் வந்து நின்றான். “இந்தத் தரமாவது நிண்டு பிடிங்க மருமகன்,” என்று முழுத் தெருவும் கேட்கத்தான் மாமனார் அவனை வழியனுப்பினார்.

அவர்கள் சொல்வதை எல்லாம் தாங்கிவிடலாம். மூன்றாவது தரமும் வெறுங்கையோடு போனால் சுஹைரா தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள்? அந்த ஒரு பயத்தில்தான் நாலு மாதமாகப் படகுக் கொட்டிலில் படுத்துக் கிடந்தான்.

“நானா, ஆக்கள் ஏறியாச்சு. வாங்கோ!” படகுக்காரன் இராகுலன் கூப்பிட்டான். றஹ்மான் நாடு திரும்பிய விஷயம் தெரிந்தது அவன் ஒருவனுக்குத்தான்.

“இண்டைக்காவது சொன்னீங்களோ?”

“இல்ல.”

“ரெண்டு பஸ் மாறினால் கிண்ணியா. பின்னேரம் வெளிக்கிட்டால் பொழுதுபட முதல் வீட்டை நிப்பீங்கள்.”

“ஏலாது தம்பி. அவ என்னை நம்பிக்கிட்டு இரிக்கா.”

“ஐயோ, உங்களோட கதைச்சு வேலையில்லை,” என்று இராகுலன் எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் பண்ணினான்.

தீவுக்குக் கிட்டே நங்கூரம் போட்டார்கள். வெள்ளைக்காரர்கள் முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் குதித்தார்கள். ஆமை ஒன்றைக் கண்டுவிட்டு ஒரு பெண் குழந்தைபோலக் கூவினாள். றஹ்மான் அவள் நீட்டிய கமராவை வாங்கி, படம் எடுத்து, திருப்பிக் கொடுத்தான். ஆமை எந்தப் பக்கம் போனது என்று கூட அவன் பார்க்கவில்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து ஒரு குரல்பதிவு.

ஒட்டகம் வந்துவிட்டதா என்று ஜுமானாதான் கேட்டிருப்பாள். இன்றைக்கு என்ன பொய் சொல்வது என்று யோசித்தபடியே போனைக் காதில் வைத்தான்.

மகளின் குரல் இல்லை. கறி தாளிக்கும் சத்தத்துக்கு நடுவே சுஹைரா, எந்த நாளும் பேசுகிற அதே குரலில் சொல்லியிருந்தாள்:

“பின்னேரம் வரக்குள்ள சந்திப் பேக்கரியில பாண் வாங்கிட்டு வாங்க.”