மிச்ச எழுத்து

திரையில் ஆங்கில எழுத்தில் ‘மாரப்பாஅப்பா’ என்று ஒரு பெயர் வந்து நின்றது. பர்சனல் மேனேஜர் நல்லுசாமி வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த வரியில் ‘ராமையாசாமி’. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“வாலையெல்லாம் வெட்டிட்டுப் பிரின்ட் எடும்மா. ஆபீசர் வந்து உக்காந்திருக்காரு.”

அந்த ஓசூர்க் கம்பெனியில் பழைய பாஸ்கல் புரோகிராமை சி மொழிக்கு மாற்றி எழுதத்தான் முனிலட்சுமியை எடுத்திருந்தார்கள். ஆட்களின் கோப்போ பைனரி. கண்ணால் பார்த்துப் படிக்க முடியாது, புரோகிராம்தான் படிக்க வேண்டும்.

பாஸ்கல் கறாரானது. பெயருக்கு முன்னால் அது எத்தனை எழுத்து என்று குறித்து வைத்துக்கொண்டு, அத்தோடு நிறுத்திக்கொள்ளும். அந்தக் கணக்கை சி-க்குச் சொல்லிக் கொடுக்காவிட்டால், பின்னால் கிடக்கும் பழைய எழுத்தையும் வாரிக்கொண்டு வந்துவிடும்.

பழைய எழுத்து அங்கே கிடப்பதற்குக் காரணம் கம்பெனியின் சாமர்த்தியம். தினக்கூலி ஆளை நிரந்தரமாக்க வேண்டிய காலம் நெருங்கினால், கணக்கை முடித்து, அதே ஆளை வேறு பெயரில் எடுப்பார்கள். பழைய கள், புதிய மொந்தை. கிளார்க்குக்குச் சோம்பல், புதுப் பதிவு திறக்காமல் பழைய பெயரின் மேலேயே புதுப் பெயரை அடித்தார். நாராயணப்பா மேல் மாரப்பா. புதுப் பெயர் சின்னதாக இருந்தால் பழசின் வால் மிச்சம்.

இப்போது அத்தனை பேரையும் கேட்டுக்கு வெளியே தள்ளியாயிற்று. எல்லாரும் நேற்று வந்தவர்கள் என்று சாதிக்கிறது கம்பெனி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதை விசாரிக்கத்தான் கிருஷ்ணகிரியிலிருந்து லேபர் ஆபீசர் வந்திருக்கிறார். வால் இல்லாத பட்டியல் அவர் கைக்குப் போனால் கம்பெனி சொல்வதுதான் நிஜமாகிவிடும்.

வாலை வெட்ட ஒரே ஒரு வரி போதும். முனிலட்சுமிக்கு அது முதல் நாளே தெரியும்.

அவள் அந்த வரியை எழுதவில்லை. வேலை போனால் போகட்டும் என்று பிரின்டரைத் தட்டினாள். மேனேஜர் கை நீட்டுவதற்குள் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு நேராக ஆபீசரிடம் போனாள்.

அவர் விரல் ‘ராமையாசாமி’யில் நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“ராமையாங்கறது இவங்க வச்ச பேருங்க சார். அதுக்கடியில இருக்கறது வெங்கடசாமி. ஆளு கேட்டுக்கு வெளியதான் நிக்கறாரு, கூப்பிட்டுக் கேளுங்க.”

சொல்லிவிட்டு, புடவையில் குத்தியிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அந்தக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

முனிலட்சுமி, தகப்பனார் பெயர் வெங்கடசாமி என்று அதில் அடித்திருந்தது. அவளை வேலைக்கு எடுத்தபோது அந்தப் பெயரைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் கணக்கில் அப்படி ஒரு ஆளே கிடையாது.