நாலாவது ஆள்

“வாங்காதீங்க. பள்ளிகொண்டா நிலத்தை வித்துட்டு யாராச்சும் ஊர் வாயை வெலைக்கு வாங்குவாங்களா?” என்றாள் மனைவி கமலம்.

கன்னியப்பனுக்குச் சுருக்கென்றது. ஆம்பூரில் சோப்பு, பீடி, பயாஸ்கோப் எது வந்தாலும் தமுக்கடித்து, மாட்டுவண்டியில் போய் நோட்டீசு வீசி விளம்பரம் செய்யும் கம்பெனி அவருடையது. மஹபூப் பாஷா வந்தார், பிழைப்பு போயிற்று. பாஷாவிடம் தமுக்கும் இல்லை, வண்டியும் இல்லை. பேச்சுவாக்கில் ஊரை நம்பவைக்கச் சம்பளத்துக்கு நாலு ஆட்கள், அதுதான் கம்பெனி. அவர்கள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. புதுச் சோப்பு போட்டால் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றமே கையைவிட்டுப் போய்விடுகிறதாம் என்று காலையில் ஒரு பேச்சு கிளம்பும். சாயங்காலம் கடையில் சோப்பு இருக்காது.

பாஷாவின் கம்பெனியை விலைக்கு வாங்கிச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் கன்னியப்பன் தன் கடையை மூட வேண்டியதுதான். ஆனால் பாஷா கேட்ட விலை அநியாயம். மெட்ராஸ் கம்பெனி ஒன்று அதைவிட ஜாஸ்தி தரப்போகிறது என்று முடிவெட்டும் கோவிந்தசாமி சொன்னான். சோடாக்கடை நயீமும் அதையே சொன்னான். கன்னியப்பன் நம்பவில்லை. இவர்களே பாஷாவின் ஆட்களாக இருந்தால்? அவர் என்ன, நேற்றுப் பிறந்தவரா?

“மெட்ராஸ்காரனே வாங்கிட்டுப் போவட்டும். அவனுக்குத் தைரியம் இருக்கு. உங்களுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?” என்றாள் கமலம் மறுபடியும்.

கல்யாணமான நாள் முதல், அவள் வேண்டாம் என்றதை அவர் செய்யாமல் விட்டதில்லை. வேண்டாம் என்றாள், மீசை வைத்தார். வேண்டாம் என்றாள், குதிரை வாங்கினார், அது அவரையே கடித்தது. இப்போதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நிலம் போயிற்று. பத்திரத்தில் கையெழுத்தும் ஆயிற்று.

“இப்பவாச்சும் ஆளுங்களைக் காட்டு பாய்.”

பாஷா கதவைத் திறந்தார். கோவிந்தசாமி வந்தான். பின்னாலேயே நயீம். அப்புறம் மருத்துவச்சி அன்னம்மாள்.

கன்னியப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நெனச்சேன் பாய்! இவங்க சொன்னதுல ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பலை. நானா முடிவு பண்ணித்தான் வாங்கினேன். சரி, நாலாவது ஆளு எங்க?”

பாஷா பணிவாகச் சொன்னார்.

“உங்க சமையல்கட்டுலதான் இருக்காங்க முதலாளி. இந்த மாசத்துலேருந்து அந்தம்மா சம்பளம் உங்க பொறுப்பு.”