டேபிள் துடைக்காத ஹோட்டல்

“அந்த ஹோட்டல் மட்டும் வேணாம் மச்சான்” என்றான் பென்னி. மடியில் செல்போன் இரண்டாவது முறையாக அதிர்ந்தது. திரையில் ‘அம்மா’ என்று பார்த்துவிட்டு, இந்த முறையும் துண்டித்தான்.

கார் தாம்பரம் சானடோரியத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஏழரைக்குத் தேனாம்பேட்டையில் காமெடி ஷோ. அதற்கு முன் எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்வது பென்னியின் பொறுப்பு. ஆபீஸில் அவனுக்கு ‘நாக்கு நிபுணர்’ என்றே பெயர். ஒரு ஸ்பூன் சாம்பாரை வாயில் வைத்தால் துவரம்பருப்பின் ஜாதகத்தையே சொல்லிவிடுவான்.

அந்தப் பெயரின் புண்ணியத்தில்தான் இன்று சின்மயி பக்கத்தில் உட்கார இடம் கிடைத்திருந்தது. இந்த ஒரு சாயங்காலம் அவள் முன்னால் சொதப்பாமல் போய்விட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

“குரோம்பேட்டைல அதுதானேடா ஃபேமஸ்?” என்றான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஹர்ஷா.

“டேஸ்ட் ஓகே. டேபிள்தான் பேஜாரு. துடைக்கவே மாட்டாங்க. கைய வச்சா அப்படியே ஒட்டிக்கும். அப்புறம் டேபிளையும் சேத்துத் தூக்கிட்டுதான் ஷோவுக்குப் போகணும்.”

சின்மயி சிரித்தாள். பென்னிக்கு வயிறு பாதி நிறைந்துவிட்டது.

பல்லாவரத்தில் ஓர் இடம் சொன்னான். அங்கே கார் நிறுத்த முடியாது என்றான் ஹர்ஷா. கிண்டியில் ஒன்று சொன்னான். மதியமும் சாப்பிடவில்லை, கிண்டி வரைக்கும் உயிர் தாங்காது என்றாள் சின்மயி. குரோம்பேட்டை ஹோட்டல் வாசலிலேயே கார் நின்றது. தனக்குப் பசியில்லை, காரிலேயே இருக்கிறேன் என்று பென்னி சொல்லிப் பார்த்தான். சின்மயி அவன் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே போனதும் மெனு கார்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். தோசை வரும்வரை இறக்கவே இல்லை.

தோசை வந்தது. பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த நீலக் கோட்டுப் பெண்மணி வந்து, பென்னியின் தட்டோரம் இருந்த கிண்ணத்தை மட்டும் எடுத்தாள்.

“வேர்க்கடலை சட்னி, சார்.”

“நல்ல வேளை. எனக்கு அது ஆகாது” என்றான் பென்னி, தோசையைப் பார்த்துக்கொண்டு.

“உன் மூஞ்சிலயே எழுதியிருக்கு போல” என்றான் ஹர்ஷா.

சின்மயி ஒரு விரலால் மேசையைத் தடவிப் பார்த்தாள். “துடைக்கவே மாட்டாங்கன்னியே பென்னி? கண்ணாடி மாதிரி இருக்கு.”

நீலக் கோட்டுப் பெண்மணி கிண்ணத்தைப் பக்கத்து மேசையில் வைத்தாள். பிறகு குனிந்து, சுத்தமாக இருந்த அந்த மேசையை இன்னொரு முறை துடைத்தாள்.

“கைய கொஞ்சம் எடுங்க சார்.”

பென்னி கையை எடுத்தான். அதற்குப் பிறகு நாக்கு நிபுணருக்கு உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் ஹர்ஷா காரை எடுக்கப் போனான். கை கழுவும் இடத்தில் பென்னி சோப்பைத் தேய்த்துக்கொண்டே நின்றான். நாலடி தள்ளி, கண்ணாடியில் தலையைச் சரி செய்துகொண்டிருந்தாள் சின்மயி.

நீலக் கோட்டுப் பெண்மணி வந்து தொட்டியின் விளிம்பைத் துடைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சின்மயிக்குக் கேட்காதபடி, மெல்லச் சொன்னாள்:

“ரெண்டு தபா போன் பண்ணேன். வூட்டு சாவி மீட்டர் பொட்டி மேல கீது, சார்.”