கல்லில் ஒரு சொல்

‘விபத்து’ என்று போட்டிருந்தார்கள்.

தாளை மேசையில் வைத்துவிட்டு எதிரே இருந்த நமசிவாயத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து சோடாவைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் கொழும்பிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் வந்து, குருநகரில் எங்கள் வீட்டைத் தேடிப் பிடித்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்த வடபகுதிக்காரருக்கு நினைவுக்கல் வைக்கும் சங்கம் ஒன்றின் செயலாளர். அந்தக் கல்லில் என் அப்பப்பா கிறிஸ்ரோபரின் பெயரும் வரப்போகிறது.

எரிந்துகொண்டிருந்த எண்ணெய்க் கப்பலுக்குள் இரண்டு தரம் இறங்கி, மூன்று வெள்ளைக்கார மாலுமிகளைத் தூக்கிவந்தவர் அப்பப்பா. அதற்காக வீரப் பதக்கம் கொடுத்தார்கள்.

இவ்வளவையும் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் கேட்டால் கொழும்பில் கேள் என்றார்கள். கொழும்பில் கேட்டால் லண்டனில் கேள் என்றார்கள். லண்டனிலோ அவருடைய பெயரைப் பிழையாக எழுதி வைத்துவிட்டு, அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று எனக்கு மின்னஞ்சல் போட்டார்கள்.

நான் விடவில்லை. மூன்று உயிரைக் காப்பாற்றியவருக்கு இந்த நாட்டில் ஒரு சுவரிலும் பெயர் இல்லை. அந்தக் கோபம்தான் என்னைத் தேட வைத்தது.

அப்பா ஒரு உதவியும் செய்யவில்லை. அவர் அப்பப்பாவின் சொந்த மகன். கேட்டால் வலையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். பதக்கம் எங்கே என்றால், “அது இல்லை” என்பார்.

அன்றும் அவர் வாசலோடு நின்றார். உள்ளே வரவில்லை.

அவருக்கும் கேட்கட்டும் என்று கடைசி வசனத்தைச் சத்தமாக வாசித்தேன். “ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்தில் கடலில் ஏற்பட்ட விபத்தொன்றில் காலமானார்.”

பிறகு நமசிவாயத்திடம் கேட்டேன். “நான் சுடப்பட்டார் எண்டெல்லோ எழுதி அனுப்பினனான். ஆர் மாத்தினது?”

“எல்லாருக்கும் பொதுவான கல், பிள்ளை. திறப்பு விழாவுக்குப் பெரிய ஆக்களெல்லாம் வருவினம். கொஞ்சம் விட்டுக்குடுத்துத்தான் போகோணும்.”

நான் பேச வாயெடுப்பதற்குள் அவர் பேச்சை மாற்றினார். “பதக்கம் இருந்தாத் தாங்கோவன். விழாவிலை கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைப்பம்.”

“அது ஐயாவோடை போயிட்டுது” என்றார் அப்பா. அப்பப்பாவை அவர் ஐயா என்றுதான் சொல்வார்.

அவர் உள்ளே வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. நாற்காலியை இழுத்து நமசிவாயத்துக்கு நேரெதிரே உட்கார்ந்தார்.

அப்பப்பாவைச் சுட்டது இலங்கைக் கடற்படை என்பதும், அப்போது அதே மீன்பிடிப் படகில் அப்பாவும் இருந்தார் என்பதும் குருநகர் முழுவதற்கும் தெரியும். ஆனால் அங்கே என்ன நடந்தது என்று இத்தனை வருடத்தில் அவர் யாருக்கும் சொன்னதில்லை.

“அந்த நாளிலை ஐயா பதக்கத்தைச் சட்டையிலை குத்திக்கொண்டுதான் கடல் தொழிலுக்கு வாறவர். அவங்களும் நேவி, நானும் நேவி, இதைக் கண்டால் ஒண்டும் செய்யாங்கள் எண்டு சொல்லுவார். எங்களுக்கும் அது ஒரு தைரியம்.”

நமசிவாயம் சோடாப் போத்தலைக் கீழே வைத்தார்.

“நேவியின்ரை ரோந்துப் படகு கிட்ட வரேக்கை நாங்கள் எல்லாரும் வலைக்கு மேலை குப்புறப் படுத்திட்டம். ஐயா மட்டும் எழும்பி நிண்டார். பதக்கத்தைக் கையாலை பிடிச்சுக் காட்டி, இங்கிலீசிலை தன்ரை நேவி நம்பரைச் சொன்னவர்.”

அப்பா மேசையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“சொல்லி முடிக்க விடேல்லை. அப்பிடியே கடலுக்குள்ளை விழுந்திட்டார். நாங்கள் எவ்வளவோ தேடியும் ஆள் அம்பிடேல்லை.”

பேனையை எடுத்து ‘ஏற்பட்ட விபத்தொன்றில்’ என்பதை வெட்டி, மேலே ‘சுடப்பட்டு’ என்று தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதினேன்.

நமசிவாயம் தாளை வாங்கிப் பார்த்தார். “எனக்கு விளங்குது. ஆனால் அதைக் கல்லிலை போடேலாது, பிள்ளை” என்றார்.

“அப்ப பொய்யையும் போடாதேங்கோ” என்றேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடற்கரை வீதியில் விழா நடந்தது. மேளம், மாலை, பேச்சு எல்லாம் இருந்தன. போகக்கூடாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பாதான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, “வா, என்ன எழுதியிருக்கிறாங்கள் எண்டு பாப்பம்” என்றார்.

திரையை விலக்கினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, எப்படி இறந்தார் என்று ஒரு வரி.

அப்பப்பாவின் பெயருக்குக் கீழே, ‘வீரப் பதக்கம் பெற்றவர். பிறப்பு 1919.’

அவ்வளவுதான். நான் கேட்டபடியே பொய்யை எடுத்துவிட்டார்கள். அதோடு சேர்த்து அவருடைய சாவையும் எடுத்துவிட்டார்கள்.

நமசிவாயத்தைத் தேடினேன். அவர் வந்திருக்கவில்லை.

விருந்தினராக வந்த ஒரு அம்மா, கழுத்தில் போட்ட மாலையோடு கல்லை மெதுவாக வாசித்து முடித்தார். பிறகு, மகன் இவர்தான் என்று யாரோ காட்ட, முகம் மலர்ந்து அப்பாவிடம் வந்தார். “உங்கள் அப்பாவுக்கு நூறு தாண்டிவிட்டதே. இன்றைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?”

அப்பா அவரை நேராகப் பார்த்தார்.

“ஐயா தொழிலுக்குப் போனவர்” என்றார். “இன்னும் வரேல்லை.”