நேசமலர் ரீச்சர் பெயில்

"விசா முடிய இன்னும் ஒன்பது நாள்தான் கிடக்கு. நீர் என்னடாவெண்டா மீன் வெட்டிக்கொண்டு நிக்கிறீர்."

ஸ்ரீகாந்தன் குசினி வாசலில் நின்று சத்தம் போட்டார். அவருடைய மனைவி நேசமலர் தலை நிமிரவில்லை.

"பிறகு பாப்பம் எண்டு சொன்னனான்தானே."

மூன்று கிழமையாக இதே பதில்தான். விசாத் திகதியை இவ்வளவு அலட்சியமாக விடுகிற ஒரு சீவனை தாங்கள் குடியேறியிருந்த நோபல் பார்க்கில் அவர் கண்டதில்லை.

இருவருக்கும் நிரந்தர விசாதான். ஆனால் வெளிநாடு போய்த் திரும்பி வருகிற அனுமதி ஐந்து வருடத்துக்குத்தான். அது முடிந்தபின் போனால் திரும்பி வர வழியில்லை. டிசம்பரில் கனடாவில் மகள் தாரகாவுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. அவர் தன்னுடைய அனுமதியைப் போன மாதமே நீட்டிவிட்டார்.

குடியுரிமைச் சோதினையில் இரண்டு பேரும் பாஸ் பண்ணியிருந்தால் இந்த வில்லங்கமே இல்லை. புதுப் பாஸ்போர்ட்டோடு பறந்திருக்கலாம்.

பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற ஸ்ரீகாந்தன் பெயிலானதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. சாவகச்சேரியில் பதினெட்டு வருடம் கணக்குப் படிப்பித்த நேசமலர் ரீச்சரும் பெயில் என்றதும்தான் சனம் சிரித்தது. "ரீச்சருக்குமோ?" என்று கோயிலில் வைத்தே கேட்டார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

சோதினை நடந்த அன்றைக்கு அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, முன்பே முடித்துவிட்டுக் கதிரையில் காத்திருந்த அவள் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"எனக்கும் சரிவரேல்லை. வாங்கோ, ரெண்டு பேரும் இருந்து திரும்பப் படிப்பம்."

தனியாகத் தோற்கவில்லை என்பதில் அவருக்குப் பெரிய ஆறுதல். அதை வாய்விட்டுச் சொல்கிற ஆளா அவர்? அடுத்த கிழமை மறுபடி சோதினை. தினமும் அவள்தான் கேள்வி கேட்டுப் படிப்பிக்கிறாள்.

"பேரப்பிள்ளையைப் பாக்கிற ஆசை உமக்கு இல்லை. அதுதான் விசயம்."

மீன் வெட்டிய கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி வெட்டத் தொடங்கியது.

இனி இவளோடு கதைத்துப் பிரயோசனமில்லை என்று அறைக்குப் போய் நண்பன் சிறிதரனைப் போனில் பிடித்தார். அவருடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவனும் அவன்தான்.

"அக்காவின்ர பாஸ்போர்ட் நம்பரைச் சொல்லுங்கோ அண்ணை. இப்பவே போட்டுவிடுறன்."

அலுமாரியைத் திறந்து அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்தார். உள்ளே மடித்த தாள்கள் இரண்டு இருந்தன.

முதல் தாளில் சோதினை நடந்த அதே திகதி. கீழே நூற்றுக்கு நூறு. அதை வாசிக்க அவருக்கு இங்கிலிஷ் தேவைப்படவில்லை.

மற்றதை எழுத்துக்கூட்டி வாசித்தார்: அடுத்த மாதம் வந்து குடியுரிமை ஏற்கும்படி நேசமலருக்கு மட்டும் வந்த அழைப்பு.

"அண்ணை, நம்பர்?"

"பிறகு எடுக்கிறன், சிறிதரன்."

ஸ்ரீகாந்தன் தாள்களை இருந்தபடியே மடித்து வைத்துவிட்டுக் குசினிக்கு வந்தார்.

"என்ன, விசாவுக்குப் போட்டாச்சே?" என்றாள் போன் பேச்சைக் கேட்டிருந்த நேசமலர், பதற்றத்தோடு.

"இல்லை. உம்மட விசா கிடக்கட்டும்."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சோதினைப் புத்தகத்தை விரித்தார்.

"கையைக் கழுவிப்போட்டு வாரும். பெயிலான ரெண்டு பேரும் இருந்து படிப்பம்."