இருபத்தொன்பதாம் தேதிப் பிரியாணி

"இன்னைக்கு ஒருத்தர் ஏமாத்தினாலும் போர்டக் கழட்டிருவேன் அத்தா. அப்புறம் நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது."

மகன் ஆரிஃபின் நிபந்தனையை ஹனீஃப் மறுக்கவில்லை. சரி என்று தலையசைத்துவிட்டு அடுப்படிக்குள் போனார்.

கிளேபாங் சாலையோரத்தில் இருக்கும் அவருடைய பிரியாணிக் கடை வாசலில், லீப் ஆண்டு தவறாமல் ஒரே ஒரு நாள் ஏறும் பலகை அது. 'பிப்ரவரி 29இல் பிறந்தவர்களுக்கு இன்று பிரியாணி இலவசம். ஐ.சி. அடையாள அட்டையைக் காட்டவும்.'

தந்தையின் பிறந்தநாளும் அதுவே. எனவே இது அவர் தம் பெருமைக்காகச் செய்யும் வீண் ஆடம்பரம் என்பது ஆரிஃபின் முடிவு. வருகிறவர் சீனரோ மலாய்க்காரரோ தமிழரோ, ஹனீஃப் அடுப்பை விட்டு எழுந்து வந்து எங்கே பிறந்தவர் என்று விசாரிப்பார். பதில் கிடைத்ததும் வாழ்த்திவிட்டு உள்ளே போய்விடுவார்.

விளம்பரமாவது மிஞ்சட்டும் என்று இம்முறை ஆரிஃப் அதை ஃபேஸ்புக்கிலும் போட்டிருந்தான்.

ஹனீஃப் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் முதல் ஆள் வந்தார். தங்கா பத்துவில் லாரி ஓட்டும் அங்கமுத்து. ஐ.சி. எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த ஆண்டு, மாதம், தேதியாகையால் சரிபார்ப்பது எளிது. 640229. ஆரிஃப் தட்டை வைத்தான்.

அடுத்து, செங் என்ற ஊரிலிருந்து பவானேஸ்வரி என்ற அம்மாள் வந்தார். அவருக்கும் 640229.

மூன்றாவதாகக் காந்தன் என்பவர் மூவாரிலிருந்து வந்து அட்டையை நீட்டினார். அதிலும் அதே எண்கள்.

ஆரிஃப் விழித்துக்கொண்டான். மூவரும் ஆளுக்கொரு மேசையில், மற்றவர் முகத்தையே பார்த்திராதவர்கள் போல் உண்டுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மேசையாகச் சென்று, எங்கே பிறந்தீர்கள் என்று தணிந்த குரலில் கேட்டான். மூன்று மேசையிலும் ஒரே பதில்தான்: இரட்டைப்பாலம் ரப்பர் தோட்டம்.

அவன் கடையின் நடுவில் வந்து நின்றான்.

"ஒரே தோட்டம், ஒரே வருஷம், ஒரே தேதி. ஆனா ஒருத்தர ஒருத்தர் தெரியாது. யாருகிட்ட கதை விடுறீங்க அங்கிள்? ஐசி எங்க அடிச்சீங்க?"

அங்கமுத்து கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு மற்ற இருவரையும் பார்த்தார். பவானேஸ்வரி பாதித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நல்லா இருக்கு தம்பி. பொறந்தநாளைக்குக் கூப்பிட்டு, கள்ளின்னு பேரு வச்சு அனுப்புற. உன் சோறு எனக்கு வேணாம்லா."

பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். ஆரிஃப் தடுக்கவில்லை. நேராகப் பலகையின் அருகே போய் அதன் கயிற்றில் கைவைத்தான்.

தொழுகை முடிந்து வந்த ஹனீஃப் வாசலிலேயே நின்றிருந்தார். மகன் பேசியது அத்தனையும் அவர் காதில் விழுந்திருந்தது. வெளியேற வந்த பவானேஸ்வரியை அவர் உற்றுப் பார்த்தார்.

"உக்காரு, புளியங்கொட்ட."

பவானேஸ்வரி அசையாமல் நின்றார். அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் என்றோ கலைந்து போயிருந்தார்கள்.

"டேய், கடைக்கார பாய் வீட்டு மிக்சரா நீ?"

"மிக்சரேதான்."

"அடப்பாவி. திருடித் தின்னே இம்மாம் பெரிய கடை போட்டுட்டியா?"

"இந்த ஓணான மறந்துட்டீங்களே," என்று அங்கமுத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். காந்தன் வலக்கை முழுதும் பிரியாணியோடு வந்து ஹனீஃபைக் கட்டிக்கொண்டார். தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை மஞ்சளாயிற்று.

ஆரிஃபுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப இவங்க ஐசி பொய்யில்லியா அத்தா?"

"பொய்தான். என்னோடதும் பொய்."

தோட்டத்து எழுத்தரான கிராணி, குழந்தை பிறந்ததைப் பதிய மாதக் கடைசியில் ஒரு தடவைதான் டவுனுக்குப் போவாராம். எந்த வீட்டில் என்றைக்குப் பிறந்தது என்பதெல்லாம் அவர் நினைவில் நிற்காது. அவர் போய்ப் பதிந்த நாளே அந்த மாதத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் பிறந்தநாள்.

"நான் நோன்புப் பெருநாள் அன்னைக்குப் பொறந்தவன். இவ மாசி மகத்துக்குப் பொறந்தவ. நாலு பேரையும் இருபத்தொம்பது ஆக்கிட்டாரு மனுஷன்," என்று சொல்லி ஹனீஃப் சிரித்தார்.

எட்டு வயதில் வந்த பிப்ரவரி 29 அன்று நால்வரையும் வரிசையாக நிறுத்தி, பள்ளிக்கூடமே கைதட்டியதை அங்கமுத்து நினைவுபடுத்தினார். அடுத்த இருபத்தொன்பது வருவதற்குள் தோட்டம் கைமாறி, குடும்பங்கள் திசைக்கொன்றாகப் பிரிந்துவிட்டன.

ஆரிஃப் மூன்று மேசைகளையும் இழுத்து ஒன்றாகச் சேர்த்தான். பவானேஸ்வரியின் கைப்பையை வாங்கி வைத்தான். புதிதாக நான்கு தட்டுகள் கொண்டுவந்தான்.

"தப்பா பேசிட்டேன் ஆன்ட்டி. மன்னிச்சிருங்க."

"காலு கொண்டா, மன்னிக்கிறேன். கோழிக் காலு."

அவன் தந்தையிடம் திரும்பினான். "யாரும் ஏமாத்தல அத்தா. போர்டு இருக்கட்டும். அடுத்த இருபத்தொம்பதுக்கும் நானே மாட்டுறேன்."

"வேணாம், கழட்டிரு," என்றார் ஹனீஃப். "தோட்டத்துல எங்களுக்குப் பட்டப்பேருதான், இவங்க நெசப் பேரே எனக்குத் தெரியாது. தெரிஞ்சது இந்தத் தேதி ஒண்ணுதான். அத வாசல்ல மாட்டி நான் தேடின மூணு பேரும் வந்துட்டாங்க."